முதல் மிதி

யாரையாவது அடிப்பதற்கு முன்னால் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஜெலாப்பாங்கில் இருந்த அவருடைய கார்ப் பட்டறைக்கு வருகிறவர்களில் பழகியவர்கள், அவருடைய விரல் இடது மணிக்கட்டுக்குப் போவதைப் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள். பழகாதவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஜெலாப்பாங்கை ஒட்டிய ஈப்போ நகரில் ஒரு தமிழ் நாளேட்டுக்குச் செய்தி சேகரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. ஒரு நாள் பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம் வந்தது. அலுவலகத்துக்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருந்தவர் அவரிடம் அனுப்பினார். "வேலை சுத்தமா இருக்கும். ஆனா வாய் குடுக்காதீங்க தம்பி" என்றார்.

தகரக் கொட்டகை. உயரம் குறைந்த, கழுத்தே இல்லாதது போன்ற ஓர் ஆள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு கடைசிவரை அவருக்கு நான் பேப்பர்காரர்தான்.

காரை ஜேக்கில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டைக் காட்டி, "தடவிப் பாருங்க" என்றார். டிஸ்க் என்பது அதுதான். இரண்டு பக்கமும் பேட் என்னும் கட்டைகள் அதைக் கவ்விப் பிடிப்பதால்தான் கார் நிற்கிறது. என் காரில் பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் முதுகுத்தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. விரல் வரம்பில் ஏறி இறங்கியது.

"பேட் மட்டும் மாத்தினா போதாதா?" என்று கேட்டேன்.

அவருடைய விரல் மணிக்கட்டுக்குப் போனது.

"ரெண்டையும் மாத்திடுங்க" என்றேன்.

"அப்புடிச் சொல்லுங்க. எஞ்சின் நின்னா நடந்து போவீங்க. பிரேக் நிக்கலன்னா தூக்கிட்டுப் போவாங்க."

அன்று பிற்பகல் அவர் அடிப்பதைப் பார்த்தேன். அடி வாங்கியது என்னுடைய பழைய டிஸ்க். அதை ஒரு தண்டவாளத் துண்டின்மேல் சாய்த்து வைத்து, சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினார். வார்ப்பிரும்பு மூன்றாகப் பிளந்தது. அடுத்ததையும் அப்படியே உடைத்தார். எந்த வண்டியிலிருந்தும் கழற்றிய பழைய டிஸ்க் அவர் பட்டறையிலிருந்து முழுசாக வெளியே போனதில்லை. ஈயச் சுரங்கங்களான லம்பங்கள் சில மூடப்பட்ட பிறகு, அங்கே இருந்த கடைசல் இயந்திரங்கள் ஜெலாப்பாங் சந்துகளுக்கு வந்திருந்தன. தேய்ந்த டிஸ்க்கை அவற்றில் கொடுத்து மேலே வழித்து எடுத்து, மெலிந்துபோனதை மறுபடி மாட்டிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் உடைக்கிறார் என்று சொன்னார்கள். நான் பார்த்தவரை, உடைப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது. முகம் தெளிந்துவிடும். அதன் பிறகு தேநீர் சொல்லியனுப்புவார்.

பிரேக் விஷயத்தில் ஏன் இவ்வளவு மூர்க்கம் என்று நான் விசாரித்தேன். ஏதாவது விபத்து, யாராவது இறந்துபோன குழந்தை என்று தேடினேன். என் தொழில் அப்படித் தேடச் சொல்லும். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயர் தாவார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட காலத்தில் தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் பழுது பார்த்திருக்கிறார். ஆள் ஏற்றும் டிராக்டருக்கு பிரேக் வேலை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்ன, கணக்கு எழுதும் கிராணியை, ஆபீஸுக்குள்ளேயே சக்கர ஸ்பேனரால் தோளில் அடித்தார். கிராணியின் கை அதற்குப் பிறகு காதுக்குமேல் எழும்பவில்லை. தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த டிராக்டரால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடித்த பிறகும் ஆகவில்லை. அவர் அப்படித்தான் பிறந்திருந்தார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த செய்தி.

பட்டறைச் சந்து ஒரு பழைய கிடங்கின் செங்கல் சுவரில் போய் முட்டி நின்றது. அந்தச் சுவர்தான் அவருடைய பரீட்சைக் கூடம். டிஸ்க் வேண்டாம், பேட் போதும் என்று சாதிக்கிறவர்களுக்கு அவர்கள் கேட்டபடியே பேட் மட்டும் மாற்றிக் கொடுப்பார். பிறகு சொல்வார்: "அந்தச் செவுத்துக்கிட்ட போய் நில்லுங்க. நான் உங்க கார ஓட்டிட்டு வாரேன். உங்க பிரேக்குதானே, பயப்படாதீங்க."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய் நிற்பார்கள். அவர் சந்தின் மறு முனையிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வருவார்.

தெலுக் இந்தானிலிருந்து மீன் ஏற்றிவரும் வேன்காரர் ஒருவர் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். வேன் பாதித் தூரம் வந்ததும் அவருடைய சிரிப்பு போய்விட்டது. பக்கத்துச் சாக்கடையில் குதித்தார். வேன் சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. இறங்கி வந்த பட்டறைக்காரர் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, குளிக்கிறீங்களா? உங்க பிரேக்க நீங்களே நம்ப மாட்டேங்கிறீங்க. ரோட்டுல போறவன் எப்புடிலா நம்புவான்?"

வேன்காரர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். கடிகாரம் பைக்குள் போனது. சாக்கடையிலிருந்து அவரைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் இரண்டு அறை விட்டு, பட்டறைப் பெஞ்சில் உட்காரவைத்துப் புது டிஸ்க் மாட்டினார். வேன்காரரின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக் கந்தையும் அவரே கொடுத்தார். ஆச்சரியம், அந்த வேன்காரர் தொடர்ந்து அங்கேதான் வந்தார். வேறு ஓட்டுநர்களையும் அழைத்து வந்தார். "அடிப்பாரு. ஆனா நிக்கும்லா" என்பார்.

இப்படித்தான் அந்தப் பட்டறைக்குக் கூட்டம் சேர்ந்தது. அடி வாங்கியவர்கள் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன், அவருடைய மனைவியிடம் பேசும்வரை.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அவர் சாமான் வாங்க வெளியே போயிருந்த ஒரு நாள், அந்த அம்மாள் எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். உதடு பிளந்திருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கடிகாரத்தைக் கழட்டும்போதே நீங்க வெளியே வந்துடலாமேக்கா" என்றேன்.

"வீட்டுக்குள்ள அவரு கடிகாரம் கட்ட மாட்டாருலா தம்பி" என்றார் அவர். அதைப் புகாராகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்டால் சொல்கிற பதில் போலச் சொன்னார்.

அந்த அம்மாளுடைய அண்ணன் ஒருவர் டாக்ஸி வைத்திருந்தார். ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் டாக்ஸி. அவரும் அதே சந்தில்தான் குடியிருந்தார். நல்ல உயரம், எப்போதும் பல்லிடுக்கில் ஒரு குச்சி. பட்டறைக்காரரை எதிர்த்துப் பேசி அடி வாங்காமல் இருந்தவர் ஜெலாப்பாங்கிலேயே அவர் ஒருவர்தான். மனைவியின் அண்ணன் என்பதால் விட்டுவைத்திருந்தார் என்று நினைக்கிறேன். அல்லது, அந்த உயரமும் காரணமாக இருக்கலாம்.

சம்பவம் நடந்த நாளில் என் கார் எண்ணெய் மாற்றப் போயிருந்தது. நான் பெஞ்சில் இருந்தேன். மைத்துனர் காலையில் டாக்ஸியை விட்டுவிட்டு, முன்பக்கம் பேட் மாற்றிவைக்கச் சொல்லிப் போயிருந்தார். திரும்பி வந்தபோது இரண்டு பக்கமும் புது பேட்டும் புது டிஸ்க்கும் ஏறியிருந்தன. பட்டறைக்காரர் சக்கரங்களை மாட்டிக்கொண்டிருந்தார். பழைய டிஸ்க் துண்டுகள் தண்டவாளத்தருகே கிடந்தன.

"யாருலா டிஸ்க்க மாத்தச் சொன்னது?" என்றார் மைத்துனர்.

"ஆள் ஏத்துற வண்டி மச்சான். அது ஓடுற டிஸ்க்கா? வெத்தல மாதிரி இருந்துச்சு."

"என் வண்டி. நான் சொன்னதச் செய். இந்த சம்மட்டி வித்தைய மீன் வேன்காரன்கிட்ட காட்டு. சீனர் பட்டறையில போட்டாலும் நிக்குது, உன் பட்டறையில போட்டாலும் நிக்குது. நீ மட்டும் என்னமோ பிரேக்குக்கே பொறந்தவன் மாதிரி..."

பெஞ்சில் இருந்த டாக்ஸிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது.

பட்டறைக்காரர் கடிகாரத்தைத் தொடவில்லை. சக்கரத் திருகுகளை இறுக்கிக்கொண்டே, "அப்ப போய் செவுத்துக்கிட்ட நில்லு" என்றார்.

"நிக்கிறேன்லா. ஓட மாட்டேன். நீ வா."

மைத்துனர் நடந்து போய்ச் சுவரில் முதுகு சாய்த்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குச்சி வாயிலேயே இருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புது பேட்டும் டிஸ்க்கும் தடிமன் அதிகம். அவற்றை உள்ளே நுழைக்க, பேட்டைத் தள்ளும் பிஸ்டனை முதலில் பின்னுக்கு அழுத்திவிட வேண்டும். வேலை முடிந்ததும் பிஸ்டனுக்கும் பேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடலைச் சில முறை மிதித்தால்தான் பிஸ்டன் முன்னே வந்து பேட்டைத் தொடும். மிதிக்காமல் புறப்பட்டால் முதல் மிதி தரைவரை போகும். ஒன்றும் பிடிக்காது. 'கோசோங்' என்பார்கள் பட்டறையில், காலி என்று. இரண்டாவது, மூன்றாவது மிதியில் பிடித்துக்கொள்ளும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாரும் கற்றுக்கொள்கிற பாடம் இது. அவர் இருக்கையில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு மிதிப்பார். கால் சொல்வதைக் காது கேட்பது போல இருக்கும்.

அன்று மிதிக்கவில்லை. ஜேக்கை உதைத்துத் தள்ளினார், ஏறினார், கதவை அறைந்து சாத்தினார், கிளப்பினார்.

நான் டாக்ஸிக்குப் பின்னால் நின்றேன். வண்டி வேகமெடுத்தது. வழக்கமாக அவர் பிரேக் போடும் இடத்தில் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. வேகம் குறையவில்லை. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. அணைந்து மூன்றாம் முறை எரிந்தபோது டயர்கள் கிறீச்சிட்டன. ஆனால் சுவர் வந்துவிட்டது.

மைத்துனர் சொன்னபடியே ஓடவில்லை. கடைசிக் கணத்தில் இடது பக்கம் துள்ளினார். வலது கால் மட்டும் பம்பருக்கும் சுவருக்கும் நடுவே மாட்டியது. முழங்காலுக்குக் கீழே. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அவர் கத்தியது அதற்குப் பிறகுதான்.

பட்டறைக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். ஓடிவந்து, தன் சட்டையைக் கிழித்து மைத்துனரின் தொடையை இறுக்கிக் கட்டினார். அவரைத் தூக்கி இன்னொரு டாக்ஸியில் கிடத்தினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். மார்பெல்லாம் ரத்தம்.

"என்ன பாக்குறீங்க? வேணும்னுதான் மோதினேன். எவனாச்சும் பிரேக் பிடிக்கலன்னு சொன்னீங்க, அதே செவுத்துல வச்சு நசுக்கிடுவேன்."

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

போலீஸ் வந்து டாக்ஸியை எடுத்துப் போய்ச் சோதித்தது. பிரேக் நல்ல நிலையில் இருந்தது. இருக்கத்தான் செய்யும். மூன்று முறை மிதித்தாகிவிட்டதே. அவர் வாக்குமூலமும் அதையே சொன்னது: நான் போட்ட பிரேக்கில் குறையில்லை, வேண்டுமென்றே மோதினேன். கொடிய காயம் விளைவித்த குற்றம் பதிவாயிற்று.

மருத்துவமனையில் மைத்துனரின் காலை எடுத்துவிட்டார்கள். நான் போயிருந்தபோது தங்கை பக்கத்தில் இருந்தார். மைத்துனர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கண்ணாடி வழியா அவன் மூஞ்சியப் பாத்தேன் தம்பி. மோத வாரவன் மூஞ்சி இல்ல அது. பயந்துட்டான். மிதிக்க மறந்துட்டான்லா, முட்டாப்பய. நான் கோர்ட்டுல சொல்றேன். எனக்குக் கால்தான் போச்சு. இவளுக்குச் சோறு போட ஆள் வேணும்ல."

நான் விளக்கைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போவதாகச் சொல்லி, என்னை மட்டும் அழைத்துப் போனார். அண்ணனால் நடக்க முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வழக்கறிஞர் கேட்டுவிட்டு, வழி இருக்கிறது என்றார். மோதுகிறவன் பிரேக்கை மிதிக்க மாட்டான். அசட்டையால் நேர்ந்தது என்று ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டைக் குறைக்கப் பேசலாம், அபராதத்தோடு போகவும் கூடும். அவர் வாயால் மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கு நாளில் நீதிமன்றத்தின் பின்பக்கம், கம்பிக்கு அப்பால் அவரைச் சந்தித்தேன். விளக்கு மூன்று முறை எரிந்ததைப் பார்த்தேன் என்றேன். கம்பி வழியாகக் கை வந்தது. என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்ததில் நெற்றி கம்பியில் மோதியது.

"பேப்பர்காரரே, ஒங்களுக்கு என்ன தெரியும்? அடிக்கிறவன்னு பேரு இருந்தா வண்டி வரும். மிதிக்க மறந்தவன்னு பேரு வந்தா எவன் வருவான்? எழுதினீங்க, உள்ளயிருந்து வந்து கொல்லுவேன்."

போலீஸ்காரர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

உள்ளே குற்றச்சாட்டை வாசித்தார்கள். வழக்கறிஞர் எழுந்தார். அவர் வாய் திறக்கும் முன் கூண்டிலிருந்து, "சாலா, துவான். என் மேலதான் குத்தம் ஐயா. வேணும்னே மோதினேன்" என்று சத்தம் வந்தது. யோசித்துச் சொல்லும்படி மாஜிஸ்திரேட் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இன்னும் சத்தமாகச் சொன்னார். ஊன்றுகோலோடு பின்வரிசையில் இருந்த மைத்துனர் எழுந்து, "பொய் சொல்றான் துவான்!" என்றார். பட்டறைக்காரர் கூண்டின் தடுப்பைத் தாண்டிக் குதித்து அவரை நோக்கிப் பாய்ந்தார். நான்கு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். தரையில் முகம் அழுந்தியபடி, "என் பிரேக்க நீ குத்தம் சொல்றியா?" என்று கத்தினார்.

ஒரு காலில்லாதவரை நீதிமன்றத்துக்குள்ளேயே தாக்கப் பாய்ந்தவரிடம் கருணை காட்ட எந்த நீதிபதிக்கும் காரணம் இருக்காது. இரண்டு ஆண்டு சிறை. நான் நீதிமன்றத்தில் நடந்ததை எழுதினேன். நீதிமன்றத்தில் விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவர் கணித்தது சரி. அவர் உள்ளே இருந்தபோது டாக்ஸிக்காரர்கள் பட்டறைப் பக்கம் வந்து, எப்போது வருவார் என்று விசாரித்தார்கள். "கொலகாரனா இருந்தா என்னலா, பிரேக்குன்னா அவருதான்" என்று சொல்லிப் போனார்கள். அந்த அம்மாள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து, கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரே பதில் சொன்னார்: "அவரு மோதலண்ணே. மிதிக்க மறந்துட்டாரு."

அந்த ஒரு வாக்கியம் ஈப்போ டாக்ஸி நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து தெலுக் இந்தானுக்குப் போனது. கொல்ல வந்தவர் என்று தெரிந்தும் வண்டியை விடத் தயாராக இருந்தவர்கள், மறந்தவர் என்று தெரிந்ததும் வேறு பட்டறை தேடிக்கொண்டார்கள்.

விடுதலையாகிச் சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியானம் நான் போனேன். பட்டறையில் ஒரு வண்டியும் இல்லை. அவர் தலை நரைத்து, பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் அந்த அம்மாள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த வெளக்கப் பத்தி எழுதிட்டீங்கல்ல?" என்றார் பட்டறைக்காரர் என்னிடம்.

"எழுதலண்ணே."

"அப்ப எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன்" என்றார் அந்த அம்மாள், கத்தியை நிறுத்தாமல்.

அவர் பெரிய ஸ்பேனரோடு எழுந்தார். நான் குறுக்கே போனேன். தோளால் என்னைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"அடிங்க. எங்கண்ணனுக்குக் கால் போச்சு. ஒங்களக் காப்பாத்த ஒத்தக் காலோட கோர்ட்டுக்கு வந்தான். ஒரு தடவ, ஒரே தடவ, மறந்துட்டேன் மச்சான்னு அவன்கிட்ட சொன்னீங்களா? அத சொல்லிட்டு வந்து அடிங்க. எத்தன அடி வேணும்னாலும் வாங்கிக்கிறேன்."

எறிந்த ஸ்பேனர் அந்த அம்மாளின் தலைக்குமேல் பறந்து தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுந்தது. அந்த அம்மாள் குனியக்கூட இல்லை.

பட்டறைக்காரர் குழாயடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். முழங்கைவரை, நகக்கண்வரை கழுவினார். உள்ளே போய் வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். எங்களைப் பார்க்காமல் சந்தில் இறங்கினார். அந்த அம்மாள் காய்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். மைத்துனர் வீடு வலது பக்கம், ஐந்தாவது கதவு.

அவர் இடது பக்கம் திரும்பிப் பெரிய சாலையை நோக்கி நடந்தார்.

அந்த அம்மாள் அவர் மறையும்வரை பார்த்தார். பிறகு உட்கார்ந்து தட்டை மடியில் எடுத்துக்கொண்டார்.